மண் இல்லாத நாட்டில் நடந்த முதல் நாடாளுமன்றத் தேர்தல்

நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "அஸ்கார்டியா என்று ஒரு விண்வெளி நாடு இருக்கிறதாம். 2018-ல் தேர்தல் நடத்தி, 150 இடங்கள் கொண்ட நாடாளுமன்றத்தைக் கூட்டினார்களாம். நிலமே இல்லாத இடத்தில் தொகுதி எது, வாக்காளர் யார்? இந்த மாதிரி மைக்ரோநேஷன்கள் நடத்துவதைத் தேர்தல் என்றே சொல்லலாமா? நீங்களாக இருந்தால் ஓட்டுப் போடுவீர்களா?"

கேள்வி நான்கு. முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓட்டுப் போட்டவர்கள் உண்மையான மனிதர்கள். நின்றவர்களும் உண்மையான மனிதர்கள். ஓட்டு எண்ணப்பட்டது, சபை கூடியது. அந்த அளவில் அது தேர்தல்தான். ஆனால் ஒரு புது நாட்டின் முதல் தேர்தலில் ஜெயித்தது யார் என்பதை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். ஓட்டுப்பதிவுக்கு முன்பே மூன்று விஷயங்கள் முடிவாகிவிடுகின்றன: வாக்காளர் பட்டியலில் யார் இருக்கிறார்கள், தொகுதி எப்படிப் பிரிக்கப்படுகிறது, ஜெயித்து வருகிற சபைக்கு என்ன அதிகாரம். இந்த மூன்றையும் முடிவு செய்தவர் யாரோ, அவர்தான் அந்த முதல் தேர்தலில் பாதியைத் தீர்மானித்தவர். அஸ்கார்டியாவை வைத்தே இதை விளக்க முடியும், ஏனென்றால் அங்கே மூன்றுமே வெளிப்படையாகத் தெரிகிறது.

மைக்ரோநேஷன் என்றால் என்ன என்று ஒரு வரி. தன்னைத் தனி நாடு என்று அறிவித்துக்கொண்டு, கொடி, சாசனம், பதவிகள் எல்லாம் வைத்திருந்தும், எந்த நாட்டாலும் அங்கீகரிக்கப்படாத அமைப்பு. வாத்திகன், மொனாக்கோ, சான் மரினோ எல்லாம் இதில் சேராது. அவை சிறியவை என்றாலும் அங்கீகாரம் பெற்ற நாடுகள்.

அஸ்கார்டியாவை அறிவித்தவர் ஈகோர் அஷுர்பேலி. பாகுவில் 1963-ல் பிறந்தவர். ரஷ்யாவின் அல்மாஸ் நிறுவனத்துக்குப் பல ஆண்டுகள் தலைவராக இருந்தவர். எஸ்-400 வான் பாதுகாப்பு ஏவுகணை அமைப்பு உருவானது அந்த நிறுவனத்தில்தான். பிறகு வியன்னாவில் விண்வெளி ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கினார். 2016 அக்டோபர் 12 அன்று பாரிஸில் செய்தியாளர்களைக் கூட்டி, விண்வெளியில் ஒரு நாடு அமைக்கப்போவதாகச் சொன்னார். வடஐரோப்பியப் புராணத்தில் தேவர்கள் வாழும் நகரத்தின் பெயர் அஸ்கார்ட். அதிலிருந்து வந்த பெயர்தான் அஸ்கார்டியா. விண்வெளியில் எல்லா நாட்டு மனிதருக்கும் சம இடம் வேண்டும், பூமியின் சண்டைகளை அங்கே கொண்டுபோகக் கூடாது, விண்கற்கள் போன்ற ஆபத்துகளிலிருந்து பூமியைக் காக்க வேண்டும் என்பதெல்லாம் அறிவிப்பில் இருந்தன. அந்த நோக்கங்களில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இன்றைக்கும் விண்வெளிக்குப் போகும் வழி சில நாடுகளின் கையிலும் சில நிறுவனங்களின் கையிலும்தான் இருக்கிறது. அதில் தனக்கும் ஒரு குரல் வேண்டும் என்று சாதாரண மனிதர் ஒருவர் ஆசைப்படுவது மிகவும் நியாயம்.

சரி, வாக்காளர் பட்டியலுக்கு வருவோம். இதுதான் மிகச் சுவாரசியமான பகுதி.

அறிவிப்பு வந்த இரண்டே நாளில் ஒரு லட்சம் பேர் இணையத்தில் பதிவு செய்தார்கள். மூன்று வாரத்தில் அது ஐந்து லட்சம் ஆனது. பதிவு செய்தவர்களில் சீனா, அமெரிக்கா, துருக்கி நாட்டினர் கணிசமாக இருந்தார்கள். பிறகு நிர்வாகம் சரிபார்ப்பைக் கடுமையாக்கியது. 2017 ஜூன் மாதம் எண்ணிக்கை சுமார் 2,10,000. அதாவது பாதிக்கும் மேல் கழிந்துவிட்டது.

இந்த ஒரு எண்ணிக்கை மாற்றத்தில் பெரிய பாடம் இருக்கிறது. மண் உள்ள ஒரு நாட்டில் வாக்காளர் யார் என்று கேட்டால், போய்ப் பார்க்க ஒரு வீடு இருக்கும். கதவைத் தட்டினால் ஆள் வருவார். பக்கத்து வீட்டில் விசாரிக்கலாம். ரேஷன் கார்டு, வரி ரசீது, பள்ளிச் சான்றிதழ் என்று அரசாங்கத்தின் மற்ற கைகள் ஏற்கெனவே தொட்ட தடயம் ஏதாவது இருக்கும். இணையத்தில் மட்டும் வாழும் நாட்டுக்கு இருப்பது ஒரு மின்னஞ்சல் முகவரி. ஒரே ஆள் ஐந்து முகவரி வைத்திருக்கலாம். விளையாட்டாக ஒரு பொத்தானை அழுத்திவிட்டு மறந்து போயிருக்கலாம். சரிபார்ப்பு இல்லாமல் விட்டால் ஓட்டுக்கு மதிப்பு இல்லை. கடுமையாக்கினால், அடையாள அட்டையின் படத்தை முன்பின் தெரியாத அமைப்புக்கு அனுப்பத் தயங்குகிறவர் விலகிவிடுவார். அவர் விலகுவது தவறு என்றும் சொல்ல முடியாது.

எனக்கு இதில் சின்ன அனுபவம் உண்டு. கொரோனா காலத்தில் நாங்கள் இருந்த குடியிருப்பில் சங்கத் தேர்தலை ஆன்லைனில் நடத்த வேண்டி வந்தது. பட்டியலைச் சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு. எல்லோரையும் முகம் தெரியும், எல்லோரும் ஒரே வளாகத்தில் இருப்பவர்கள். அப்படியிருந்தும் ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டா, உரிமையாளருக்கா, வாடகைக்கு இருப்பவருக்கா, கணவன் பெயரில் வந்த மின்னஞ்சலில் மனைவி ஓட்டுப் போட்டால் செல்லுமா என்று இரண்டு வாரம் பேசினோம். யாருக்கு ஓட்டு என்பதை முடிவு செய்ததும் பாதி வீடுகளின் முகம் மாறியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நூறு வீடுகூட இல்லாத வளாகத்துக்கே அந்தப் பாடு. உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் இரண்டு லட்சம் பேரை, ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்களை, ஒரு பட்டியலில் கொண்டுவருவது எவ்வளவு பெரிய வேலை என்பதை அதற்குப் பிறகு நான் குறைத்து மதிப்பிடுவதே இல்லை. அதனால்தான் ஐந்து லட்சம் இரண்டு லட்சமாகக் குறைந்ததைப் பார்த்து "ஆட்கள் ஓடிவிட்டார்கள்" என்று எழுதியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கழித்தது சரியான செயல். கழிக்காமல் ஐந்து லட்சத்தையே காட்டிக்கொண்டிருந்தால்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்தது தொகுதி. நிலம் இல்லை என்றால் எல்லைக்கோடு எங்கே போடுவது? அஸ்கார்டியா மொழியால் பிரித்தது. உலகின் பெரிய மொழிகள் பன்னிரண்டு, பதிமூன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு மொழியையும் ஒரு தொகுதி ஆக்கினார்கள். 150 இடங்களும் அந்த மொழிகளுக்குள் பங்கிடப்பட்டன. வாக்காளர் தன் மொழிக்குள் நிற்கும் வேட்பாளர்களில் ஒருவருக்கு ஓட்டுப் போடுவார். அர்ஜென்டினாவில் இருப்பவரும் ஸ்பெயினில் இருப்பவரும் ஒரே தொகுதி. கனடாவில் அடுத்தடுத்த வீட்டில் இருக்கும் இரண்டு பேர், ஒருவர் ஆங்கிலம், மற்றவர் பிரெஞ்சு என்றால் வேறு வேறு தொகுதி.

இதை முதலில் படித்தபோது எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. யோசித்துப் பாருங்கள், ஒரு பிரதிநிதி தன் வாக்காளர்களோடு பேச முடிய வேண்டும். எழுதிய கடிதத்தை அவர் படிக்க வேண்டும். சாலையும் குடிநீரும் இல்லாத நாட்டில் ஊர் என்பதற்குப் பொருள் இல்லை, பேச்சுதான் எல்லாம். அப்படியானால் மொழியைத் தொகுதி ஆக்குவது நியாயமான ஏற்பாடு. நாடு வாரியாகப் பிரித்திருந்தால் பூமியின் எல்லைகளை அப்படியே விண்வெளிக்குத் தூக்கிக்கொண்டு போனதாக ஆகியிருக்கும். அவர்கள் வேண்டாம் என்று சொன்னதே அதைத்தானே.

ஆனால் மொழித் தொகுதிக்கும் ஒரு வெளிப்புறம் உண்டு. அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. சேர விரும்பிய ஒரு தமிழர் ஆங்கிலத்திலோ வேறு மொழியிலோ தான் நின்றிருக்க வேண்டும், ஓட்டுப் போட்டிருக்க வேண்டும். சுவாஹிலி பேசுகிறவருக்கும் வங்காளம் பேசுகிறவருக்கும் இதே கதைதான். இருபது பேர் மட்டும் பேசும் மொழிக்குத் தனி இடம் கொடுக்க முடியாது, அது நடைமுறைச் சிக்கல், எனக்குப் புரிகிறது. இருந்தாலும் மண் எல்லை இல்லாத ஒரு நாட்டில் முதலில் போட்ட கோடு மொழிக்கோடு ஆனதும், கோட்டுக்கு வெளியே நிற்கிறவர்கள் யார் என்று கேட்கிற பழக்கம் நமக்குக் கொஞ்சம் அதிகம். அந்தப் பழக்கம் நல்லது என்றே நினைக்கிறேன்.

வேட்பாளர் விதிகளில் இரண்டு கவனிக்க வேண்டியவை. ஒன்று, நாடாளுமன்ற உறுப்பினராகக் குறைந்தது 40 வயது ஆகியிருக்க வேண்டும். இரண்டு, கட்சி கிடையாது, எல்லோரும் தனி ஆளாகத்தான் நிற்க வேண்டும். இணையத்தில் ஒரு விண்வெளி நாட்டில் சேருகிறவர்களில் எத்தனை பேர் இருபதுகளில் இருப்பார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அவர்கள் ஓட்டுப் போடலாம், நிற்க முடியாது. இந்த வயது வரம்பு எனக்குப் பிடிக்கவில்லை. நாற்பது வயதில் வருகிற நிதானம் ஒரு சபைக்குத் தேவைதான், ஆனால் அந்த நாட்டை உண்மையில் கட்டப்போகிறவர்கள் யாரோ அவர்களை வாசலில் நிறுத்துகிற விதி அது.

கட்சி வேண்டாம் என்பது கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் என்ன ஆகும்? கட்சி என்பது வாக்காளருக்கு ஒரு குறுக்குவழி. ஆளைத் தெரியாவிட்டாலும், இவர் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம் என்று தெரியும். கட்சி இல்லாமல், முகம் தெரியாமல், ஊர் தெரியாமல் நூறு பேர் நின்றால் வாக்காளர் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்? படத்தையும் படிப்பையும் பார்ப்பார். இல்லையென்றால் தன் நாட்டுக்காரரா என்று பார்ப்பார். அல்லது சமூக ஊடகத்தில் யாருக்கு ஏற்கெனவே பெரிய கூட்டம் இருக்கிறதோ அவருக்குப் போடுவார். இதற்குப் பதிலாகக் கட்சியை அனுமதித்திருந்தால், நிறுவனரோடு ஒத்துப்போகிற அணி, அவரைக் கேள்வி கேட்கிற அணி என்று இரண்டு உருவாகியிருக்க வாய்ப்பு உண்டு. அந்த இரண்டாவது அணி உருவாக இடம் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் எந்த முதல் நாடாளுமன்றத்தையும் நான் எடைபோடுவேன்.

சபை 2018 ஜூன் மாதம் வியன்னாவில் கூடியது. ஜூன் 25 அன்று, ஹாப்ஸ்பர்க் பேரரசர்கள் வாழ்ந்த ஹோஃப்பர்க் அரண்மனையில், அஷுர்பேலி தேசத் தலைவராகப் பதவியேற்றார். திரையில் மட்டும் பேசிப் பழகியவர்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்த நாட்கள் அவை. இந்த மாதிரி நாடுகளுக்கு அந்தத் தருணத்தின் மதிப்பு மிகவும் அதிகம்.

சபைத் தலைவராக, நம் வழக்கில் சொன்னால் சபாநாயகராக, தேர்ந்தெடுக்கப்பட்டவர் லெம்பிட் ஓப்பிக். இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வட அயர்லாந்தில், எஸ்தோனியப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1997 முதல் 2010 வரை வேல்ஸில் உள்ள மான்ட்கோமரிஷைர் தொகுதியின் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர், லிபரல் டெமாக்ரட் கட்சி. அவருடைய தாத்தா எர்ன்ஸ்ட் ஓப்பிக் புகழ்பெற்ற வானியலாளர், ஆர்மா வானாய்வகத்தில் பணியாற்றியவர். பேரனும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், பூமியை மோதக்கூடிய விண்கற்களைப் பற்றி விடாமல் பேசினார். அந்தக் காலத்தில் பத்திரிகைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் 2000-ல் பிரிட்டிஷ் அரசு அதற்கென்று ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. ஆகவே அவர் அஸ்கார்டியாவுக்கு வந்தது ஏதோ விளம்பரத்துக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் அதுவரை பேசிவந்த விஷயத்தின் நீட்சியாகத்தான் தெரிகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. புதிய சபைக்கு நல்ல எண்ணம் உள்ளவர்கள் சுலபமாகக் கிடைப்பார்கள். நடைமுறை தெரிந்தவர் கிடைப்பது அரிது. தீர்மானத்தை யார் முன்மொழிவது, திருத்தம் எப்போது வரலாம், யார் எத்தனை நிமிடம் பேசலாம், குழுக்கள் எப்படி அமையும், ஓட்டெடுப்பு சமமாக வந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் படித்து வருவதில்லை, ஒரு சபையில் பல வருடம் உட்கார்ந்து வருவது. பதிமூன்று வருடம் லண்டனில் உட்கார்ந்த ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது அந்தச் சபைக்குக் கிடைத்த நல்ல விஷயம். பிரதமர் பதவிக்கு வந்த ஆனா மெர்சிடிஸ் தியாஸ்கூட வெனிசுவேலாவின் தேர்தல் ஆணையத்தில் பணியாற்றியவர்.

இப்போது மூன்றாவது விஷயம், அதிகாரம். என் மனம் தயங்குவது இங்கேதான்.

அஸ்கார்டியாவின் அரசியல் சாசனம் 2017-ல் குடிமக்களின் இணைய வாக்கெடுப்புக்கு விடப்பட்டு ஏற்கப்பட்டது. நாடாளுமன்றம் வந்தது 2018-ல். இந்த வரிசையைக் கவனியுங்கள். சாசனத்தை எழுத ஒரு சபை தேர்ந்தெடுக்கப்படவில்லை. நிறுவனர் தரப்பில் எழுதப்பட்ட ஒன்றுக்கு ஆம் அல்லது இல்லை என்று சொல்லும் வாய்ப்புதான் மக்களுக்குக் கிடைத்தது. அந்தச் சாசனப்படி தேசத் தலைவர் நாடாளுமன்றம் நிறைவேற்றும் சட்டத்தை வீட்டோ செய்யலாம். நாடாளுமன்றத்தைக் கலைத்து மறுதேர்தலுக்கு உத்தரவிடலாம். தானே சட்ட முன்மொழிவு கொண்டுவரலாம். ஆணைகள் பிறப்பிக்கலாம், அவை அரசு அமைப்புகளையும் குடிமக்களையும் கட்டுப்படுத்தும். உச்ச விண்வெளி மன்றம் என்று இன்னொரு அமைப்பு உண்டு, அதன் தலைவரையும் அவரே நியமிப்பார். தேசத் தலைவரின் பதவிக்காலம் ஐந்து ஆண்டு. முதல் தேசத் தலைவர், நிறுவனர்தான்.

ஆக, 150 இடங்களுக்கு உலகம் முழுக்க ஓட்டுப்பதிவு நடக்கிறது, ஆனால் அந்த 150 பேரையும் வீட்டுக்கு அனுப்பக்கூடிய ஒரே ஆள், போட்டி வேட்பாளர்களுக்கு நடுவே ஓட்டு வாங்கி வந்தவர் இல்லை. நிறுவனர் தரப்பில் இதற்கு ஒரு நியாயம் சொல்லலாம், அதையும் நான் மதிக்கிறேன்: பணம் போட்டவர் அவர், அஸ்கார்டியா பெயரில் ஏவிய சின்னச் செயற்கைக்கோளுக்குச் செலவு செய்தவர் அவர், முதல் நாளிலேயே எல்லாவற்றையும் முன்பின் தெரியாத ஒரு கூட்டத்திடம் கொடுத்தால் ஒரு மாதத்தில் சிதறிப்போகும். உண்மைதான். அப்படியானால் சாசனத்திலேயே ஒரு தேதி போட்டிருக்க வேண்டும். இந்த ஆண்டுக்குப் பிறகு கலைக்கும் அதிகாரம் இருக்காது, அல்லது சபையில் இத்தனை பங்கு பேர் சேர்ந்தால் வீட்டோவை மீறலாம் என்று. கைமாறும் நாள் எழுதப்படாத அதிகாரம் தானாகக் கைமாறிய கதையை நான் அதிகம் படித்ததில்லை.

மற்ற மைக்ரோநேஷன்கள் இதே சிக்கலை எப்படிக் கையாண்டன என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும்.

இத்தாலியின் லிகூரியாப் பகுதியில், பிரெஞ்சு எல்லைக்குப் பக்கத்தில், செபோர்கா என்று ஒரு மலைக் கிராமம். சுமார் முந்நூறு பேர். 1960-களில் ஜோர்ஜோ கார்போனே என்ற பூ வியாபாரி, எங்கள் ஊர் பழைய காலத்தில் தனிச் சிற்றரசு, அது இத்தாலியோடு முறையாகச் சேர்க்கப்படவே இல்லை என்று வாதாடினார். 1963-ல் ஊரார் அவரையே இளவரசராகத் தேர்ந்தெடுத்தார்கள். 1995 ஏப்ரலில் வாக்கெடுப்பு: ஆதரவு 304, எதிர்ப்பு 4. 2009-ல் அவர் இறந்தார். அடுத்த வருடமே ஓட்டுப் போட்டு அடுத்த இளவரசரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2019-ல் நீனா மெனெகாட்டோ ஓட்டில் ஜெயித்து இளவரசி ஆனார். இத்தாலிய அரசு எதையும் ஏற்கவில்லை, மக்கள் இத்தாலிக்கு வரி கட்டுகிறார்கள், இத்தாலியத் தேர்தலிலும் ஓட்டுப் போடுகிறார்கள். ஆனால் அந்த 304-க்கு எதிராக விழுந்த 4 ஓட்டை எண்ணிப் பதிவு செய்தார்கள் பாருங்கள், அது எனக்கு மிகவும் பிடித்த எண். முந்நூறு பேர் ஊரில், எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த இடத்தில், நான்கு பேர் வேண்டாம் என்று சொல்ல முடிந்திருக்கிறது.

டலோஸா இன்னொரு விதம். 1979 டிசம்பர் 26 அன்று அமெரிக்காவின் மில்வாக்கியில் ராபர்ட் பென் மேடிசன் என்ற 14 வயதுப் பையன் தன் படுக்கையறையை ராஜ்யம் என்று அறிவித்ததில் தொடங்கியது. பிறகு அதற்கென்று ஒரு மொழியையே உருவாக்கினார்கள். கட்சிகள் வந்தன, 'கோஸா' என்ற சபைக்குத் தேர்தல்கள் வந்தன. அந்தச் சபைக்கு 200 இடங்கள். நாட்டில் ஆட்கள் குறைவு என்பதால் ஒரே உறுப்பினர் பல இடங்களை வைத்திருப்பார், கட்சி வாங்கிய ஓட்டு விகிதப்படி இடங்கள் பிரியும். 2004-ல் அரசரோடு கருத்து மோதி ஒரு பகுதியினர் பிரிந்துபோய்க் குடியரசு அமைத்தார்கள். 2005-ல் நிறுவனரே விலகினார். பிறகு புதிய அரசரைத் தேர்ந்தெடுத்தார்கள், 2012-ல் பிரிந்தவர்களும் திரும்பச் சேர்ந்தார்கள். நிறுவனர் போன பிறகும் தேர்தல் நின்றுவிடவில்லை. எனக்குத் தெரிந்தவரை மைக்ரோநேஷன் உலகில் இதைவிடப் பெரிய சாதனை கிடையாது, கொடி, நாணயம், பாஸ்போர்ட் எல்லாமே இதற்குப் பிறகுதான்.

லிபர்லாந்து மூன்றாவது விதம். செக் நாட்டு அரசியல்வாதி வீட் யெட்லிச்கா 2015 ஏப்ரல் 13 அன்று, குரோவேஷியாவுக்கும் செர்பியாவுக்கும் நடுவே டான்யூப் ஆற்றங்கரையில், ஏழு சதுர கிலோமீட்டர் அளவுள்ள ஒரு நிலத்தில் கொடி நட்டார். இரண்டு நாடுகளும் எல்லையைப் பற்றி வேறு வேறு கணக்கு சொல்வதால் உரிமை கோரப்படாமல் கிடந்த துண்டு அது. குரோவேஷியப் போலீஸ் அங்கே குடியேற விடவில்லை. பிறகு பிளாக்செயினில், அதாவது ஒருமுறை பதிந்ததை யாரும் மாற்ற முடியாத இணையப் பேரேட்டில், தேர்தல் நடத்தினார்கள். 2024 அக்டோபரில் கிரிப்டோ தொழிலதிபர் ஜஸ்டின் சன் பிரதமராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த முறையில் ஓட்டின் எடை, ஒருவர் பூட்டி வைத்திருக்கும் 'மெரிட்' என்ற லிபர்லாந்து டிஜிட்டல் நாணயத்தின் அளவைப் பொறுத்தது. தொழில்நுட்பம் நேர்த்தியானது, எண்ணிக்கையை யாரும் மாற்ற முடியாது. ஆனால் கம்பெனிப் பங்குதாரர் கூட்டத்தில் நடக்கும் ஓட்டெடுப்புக்குத்தான் அது நெருக்கம். அஸ்கார்டியாவின் சாசனத்தில் எனக்கு எத்தனை குறை தெரிந்தாலும், ஆளுக்கு ஒரு ஓட்டு என்ற இடத்தில் அவர்கள் உறுதியாக நின்றார்கள். அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

நம் ஊர்க்காரர்கள் இந்தப் பேச்சு வந்ததும் கைலாசாவைத்தான் சொல்வார்கள். அது ஒரு குருவையும் அவருடைய சீடர்களையும் மையமாகக் கொண்டது, நாடாளுமன்றத் தேர்தல் பற்றிய இந்தக் கேள்விக்குள் வராது, அதனால் விட்டுவிடுகிறேன்.

தேர்தல் நடத்திவிட்டால் சட்டப்படி நாடு ஆகிவிடுமா? ஆகாது. 1933 மான்டிவிடியோ உடன்படிக்கை நான்கைக் கேட்கிறது: நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன். தேர்தல் மூன்றாவதற்கு மட்டும் உதவும். நிலப்பரப்பு என்ற இடத்தில் அஸ்கார்டியா காட்ட முயன்றது ஒரு செயற்கைக்கோளை. அஸ்கார்டியா-1. கட்டடம் கட்டுகிற செங்கல் அளவு, சுமார் 2.8 கிலோ எடை. உள்ளே அரை டெராபைட் நினைவகம், அதில் குடிமக்கள் அனுப்பிய குடும்பப் படங்களும் ஆவணங்களும். 2017 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் வாலப்ஸ் தளத்திலிருந்து சிக்னஸ் சரக்குக் கலத்தில் போனது. சர்வதேச விண்வெளி நிலையத்தை விட்டுப் பிரிந்த பிறகு, டிசம்பர் 6 அன்று அந்தக் கலம் அதைச் சுற்றுப்பாதையில் விட்டது.

ஆனால் 1967 விண்வெளி ஒப்பந்தத்தின் 2-ஆம் பிரிவு, விண்வெளியின் எந்தப் பகுதியையும் எந்த நாடும் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது என்கிறது. 6-ஆம் பிரிவு, தனியார் செய்யும் விண்வெளிச் செயலுக்கும் அந்தந்த அரசுதான் பொறுப்பு என்கிறது. 8-ஆம் பிரிவு, ஏவிய பொருள் எந்த நாட்டின் பதிவேட்டில் இருக்கிறதோ அந்த நாட்டின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்கிறது. அமெரிக்க நிறுவனங்கள் வழியாக, அமெரிக்க மண்ணிலிருந்து போன பொருளுக்கு அமெரிக்காதான் பதில் சொல்ல வேண்டும். அஸ்கார்டியா என்ற பெயர் அதன்மேல் எழுதியிருந்தும் சட்டம் அதை அஸ்கார்டிய மண்ணாகப் பார்க்காது.

அப்படியென்றால் அந்த நாடாளுமன்றம் யாருக்காகச் சட்டம் போடுகிறது? அதன் உறுப்பினர்களுக்காக, ஒரு பெரிய சங்கம் தன் விதிகளைத் திருத்துவது மாதிரி. அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். உறுப்பினர் கட்டணம் எவ்வளவு, வந்த பணம் எங்கே போகிறது, யார் சேரலாம், யாரை நீக்கலாம் என்பதெல்லாம் நிஜமான கேள்விகள். பின்னாளில் ஆண்டுக்கு 100 யூரோ கட்டுகிறவர் குடியிருப்பாளர் என்று தனிப் பிரிவு வந்தது. ஐரோப்பாவில் ஒருவருக்கு அது இரண்டு வேளை வெளியே சாப்பிடும் செலவு. நம் ஊரில் பலருக்கு ஒரு மாத மளிகை. முதலில் மொழியால் கோடு போட்ட நாடு, அப்புறம் பணத்தாலும் ஒரு கோடு போட்டது. இந்த மாதிரி முடிவைத் தடுக்கவோ மாற்றவோ அந்தச் சபையால் முடிந்ததா என்பதுதான், வீட்டோ இருக்கிறதா இல்லையா என்ற சட்ட விவாதத்தின் நடைமுறை அர்த்தம்.

கடைசிக் கேள்வி: நான் ஓட்டுப் போடுவேனா?

2017 சாசன வாக்கெடுப்பில் இருந்திருந்தால் வேண்டாம் என்று போட்டிருப்பேன், கலைக்கும் அதிகாரத்துக்கு முடிவு தேதி இல்லாத ஒரே காரணத்துக்காக. சாசனம் நிறைவேறிய பிறகு 2018 தேர்தலில் போட்டிருப்பேன். வேட்பாளர்களுக்கு ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருப்பேன்: தேசத் தலைவர் உங்கள் முதல் தீர்மானத்தை வீட்டோ செய்தால், அதே தீர்மானத்தை இரண்டாவது முறை கொண்டுவருவீர்களா? கொண்டுவருவேன் என்று பெயர் போட்டுப் பதில் எழுதுகிற ஆள் எந்த மொழித் தொகுதியில் நின்றாலும், அந்த மொழியில் எனக்குப் பத்து வார்த்தை தெரிந்திருந்தால் போதும், அங்கே பதிந்துகொண்டு அவருக்குத்தான் என் ஓட்டு.

அந்தச் செங்கல் அளவு செயற்கைக்கோள் 2022 செப்டம்பர் 12 அன்று வளிமண்டலத்தில் நுழைந்து எரிந்துபோனது. அதிலிருந்த படங்களும் போயின. சபையின் பட்டியலில் இருந்த மனிதர்கள் அவரவர் ஊரில் இருந்தார்கள்.